துக்கம் விசாரிக்க வராத ஜெயராஜ்

எதிர் டீம்காரனைப் பாத்தா எல்லாருக்கும் எரிச்சல் வரும். சிவநேசனுக்கு ஜெயராஜைப் பாக்காட்டித்தான் எரிச்சல் வரும். இங்கிலாந்து பந்தாட்டத்துல இவரு மென்செஸ்டர் யுனைடெட் பக்கம், அவரு லிவர்பூல் பக்கம். போர்ட் கிள்ளான்ல ஒரே லோரி கம்பெனியில ஒண்ணா வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இருபத்தாறு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டியே வளர்த்த சிநேகிதம் அது. ஜெயராஜ் பிறகு வேலையை விட்டுட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஏசி ரிப்பேர் பண்ற ஏர்கோன் கடை போட்டாரு. திட்டு மட்டும் நிக்கல.

இவங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. சனிக்கிழமை யுனைடெட் தோத்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை காலையில ஜெயராஜ் ரயில் ஏறி கிள்ளானுக்கு வந்துடுவாரு. தோள்ல துண்டு, கையில ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு, மூஞ்சி மட்டும் எழவு வீட்டு மூஞ்சி. செருப்பை வாசல்ல விட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம சோபாவுல உக்காந்து பெருமூச்சு விடுவாரு.

"எப்படிப்பா ஆச்சு? முதல் பாதி வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு?"

"போடா வெளிய!"

"கடைசியா ஏதாச்சும் பேசினாரா? பிள்ளைங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சா?"

சிவநேசன் கையில கிடைச்ச தலகாணியைத் தூக்கி எறிவாரு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் பொட்டலத்தைப் பிரிப்பாங்க. லிவர்பூல் தோத்தா இவரு கிளம்பிப் போவாரு, அதே மாதிரி துண்டு, அதே மூஞ்சி. சம்சாரம் போன பிறகு சிவநேசன் வீட்டுல அவரும் மகள் விஷ்ணுப்ரியாவும் மட்டுந்தான். அந்த வீட்டுல வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா, யுனைடெட் தோத்துருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்களே கண்டுபிடிச்சுருவாங்க.

ஏழு மாசத்துக்கு முன்னால ஒரு சனிக்கிழமை சாயங்காலம். யுனைடெட் ரெண்டு கோல் வாங்கி முழிச்சுக்கிட்டு இருக்கு. ஜெயராஜ் போன் போட்டு வறுத்துக்கிட்டு இருக்காரு. மகள் வேலைக்குப் போயிட்டா, வீட்டுல யாரும் இல்ல. அந்த நேரம் பாத்து சிவநேசனுக்கு நெஞ்சைப் புடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி, பைபாஸ், நெஞ்சு நடுவுல நீளமா ஒரு தையல். பிழைச்சு வீடு வந்து சேர்ந்தாரு.

வந்த பிறகுதான் சனியன் புடிச்சுச்சு. யுனைடெட் வழக்கம் போல தோத்துச்சு, ஆனா ஞாயித்துக்கிழமை ஜெயராஜ் வரல. போன் வந்துச்சு. "விடு சிவா, சீசன் நீளமா இருக்கு. நல்லாத்தான் ஆடினானுங்க." நல்லாத்தான் ஆடினானுங்களா? ஜெயராஜ் வாயிலேர்ந்தா? சிவநேசனுக்குச் சோறு இறங்கல. "கிள்ளான் பந்து கும்பல்"னு பன்னெண்டு பேர் இருந்த வாட்ஸ்ஆப் குரூப்பும் பஜனை மடம் மாதிரி ஆயிடுச்சு. காலை வணக்கம், முருகர் படம், நடைப்பயிற்சியின் நன்மைகள். வயசாயிட்டா எல்லாவனும் இப்படித்தான் ஆயிடுவானுங்க போலன்னு அவரு மனசைத் தேத்திக்கிட்டாரு. நல்ல மனுஷன், சந்தேகமே படல.

போன சனிக்கிழமை குட்டு வெளிப்பட்டுச்சு. யுனைடெட் மூணு கோல் வாங்கின கையோட குரூப்புல ஜெயராஜோட வாய்ஸ் ஒண்ணு வந்து விழுந்துச்சு. அமுக்கினா, ஒப்பாரி! "பட்டுச் சொக்கா போட்டவரே, பந்தைத் தொடாமப் போனவரே, கோலைத் திறந்து வச்சு ஊருக்கே விருந்து வச்சவரே"ன்னு ராகம் போட்டு, மூக்கை உறிஞ்சி, மாரடிக்கிற சத்தத்தோட ஒரு நிமிஷம். அப்பப்பா! இருபத்தாறு வருஷத்துல ஜெயராஜ் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல. சிவநேசன் சிரிச்ச சிரிப்புல தையல் போட்ட இடம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. வந்துட்டான்டா என் ஆளுன்னு பதில் திட்டை யோசிச்சுக்கிட்டே இருக்கும்போது வாய்ஸோட கடைசி வரி காதுல விழுந்துச்சு.

"சிவாவுக்குத் தெரியாம பாத்துக்குங்கடா. பாவம் அவன்."

அடுத்த நிமிஷம் வாய்ஸைக் காணோம், அழிச்சாச்சு. கீழ ஜெயராஜ் எழுதியிருந்தாரு: "சோரி, குரூப் மாறிப் போயிடுச்சு."

மாறிப் போறதுக்கு இன்னொரு குரூப் இருக்கணும்ல?

மறுநாள் காலையில சிவநேசன் மகள்கிட்ட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டாரு. பிரிக்பீல்ட்ஸ்ல ஜெயராஜ் கடையில ஒரு ஏர்கோனைப் பிரிச்சுப் போட்டுட்டு அதுக்கு நடுவுல உக்காந்திருந்தாரு. இவரைப் பாத்ததும் எழுந்திரிக்கவும் முடியல, சிரிக்கவும் முடியல.

"போனைக் குடு."

"சிவா, உக்காரு லா. தண்ணி குடிக்கிறியா? படியேறி வந்திருக்க..."

"போனைக் குடுடா!"

குடுத்தாரு. "பந்து கும்பல், சிவா இல்லாம"ன்னு பேரு. பதினோரு பேர் இருந்தானுங்க. சிவநேசன் ஸ்டூல்ல உக்காந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஏழு மாசத்தையும் வரி வரியாப் படிச்சாரு. யுனைடெட்டைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருந்தானுங்க. ஒவ்வொண்ணும் முத்து. எல்லாம் தனக்குச் சேர வேண்டியது. அதைக்கூட அவரு பொறுத்துக்கிட்டாரு. ஆனா நடுவுல ஒரு போட்டோ இருந்துச்சு. அதே கும்பல்ல இருக்கிற ஆர்சனல் டீம்காரன் கணேஷ் வீட்டு சோபாவுல, தோள்ல துண்டோட, எழவு மூஞ்சியோட, பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு ஜெயராஜ்.

"கணேஷ் வீட்டுக்கா போன?"

ஜெயராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஒரே ஒரு தடவை. சும்மா கூப்பிட்டான்..."

"எத்தனை தடவைன்னா கேட்டேன்? அது நம்ம விஷயம் இல்லையாடா? கணேஷுக்கு என்னா தெரியும்? திருப்பி ஒரு வார்த்தை திட்டத் தெரியுமா அவனுக்கு?"

"உன் மக விஷ்ணுதான் கேட்டுக்கிச்சு, சிவா. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு, அங்கிள், இனிமே அப்பாகிட்ட பந்து பேசி டென்ஷன் ஏத்தாதீங்கன்னு கையைப் புடிச்சு அழுதுச்சு. நான் என்னா சொல்லட்டும்?"

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"பயந்துட்டேன்டா! அன்னைக்கு நான் கத்திக்கிட்டு இருக்கும்போதுதானே உனக்கு வந்துச்சு? நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். தூக்கமே வரல."

"முட்டாப்பயலே. நீ போன்ல இருந்ததாலதான்டா நான் மூச்சுத் திணறினது உனக்குக் கேட்டுச்சு. நீ கூப்பிட்டுத்தான் ஆம்புலன்ஸ் வந்துச்சு. அன்னைக்கு நீ நல்லவனா இருந்து, ரெஸ்ட் எடு சிவான்னு போனை வச்சிருந்தா, எனக்கு நெஜமாவே துக்கம் விசாரிச்சிருப்பாங்க."

ஜெயராஜ் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. கை முழுக்க ஏர்கோன் அழுக்கு, மூஞ்சியெல்லாம் அப்பிக்கிச்சு. வேற நாளா இருந்தா அதுக்கே சிவநேசன் ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பாரு.

"நாய்னு சொல்லியிருக்க, கழுதைன்னு சொல்லியிருக்க. என் கல்யாணத்தன்னைக்கே மேடையில வந்து யுனைடெட் தோத்த கணக்கு சொல்லிட்டுப் போன. ஒரு நாளாச்சும் கோவப்பட்டிருப்பேனா? பாவம்னு சொல்லிட்டியேடா, ஜெயா. பதினோரு பேருக்கு முன்னால."

"தப்புதான். மன்னிச்சுடு. இப்ப என்னா செய்யணும், சொல்லு."

"என்னையும் அதுல சேத்துவிடு."

ஜெயராஜ் அங்கேயே சேத்தாரு. குரூப் பேரையும் மாத்தினாரு, "பந்து கும்பல், எல்லாரும்"னு. கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. இந்த வாரம் பாருடா, உன்னை உரிச்சு உப்புத் தடவுறேன்னு சத்தியம் பண்ணாரு. சிவநேசன் திரும்பி வர்ற வழியெல்லாம் ரயில்ல தனியா சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

இந்தச் சனிக்கிழமை யுனைடெட் நாலு கோல் வாங்கிச்சு. நாலு! இவ்வளவு நல்ல தோல்வி வந்து எவ்வளவு நாளாச்சு. விசில் ஊதினதும் சிவநேசன் சாயங்கால மாத்திரையைக்கூட மறந்துட்டு, போனை மடியில வச்சுக்கிட்டு, வரட்டும்னு சாஞ்சு உக்காந்தாரு.

குரூப்புல முதல்ல கணேஷ் ஒரு கும்பிடு படம் போட்டான். அப்புறம் இன்னொருத்தன் ஒரு கும்பிடு. கடைசியா ஜெயராஜ். "பேட் லக், சிவா. அடுத்த வாரம் பாத்துக்கலாம். உடம்பைப் பாத்துக்க."

சிவநேசன் அதை மூணு தடவை படிச்சாரு. நாலு கோல் வாங்கினவனுக்கு இது பதிலா? கட்டிப் புடிச்சு, கண்ணீர் விட்டு, சத்தியம் பண்ணி, அதுக்கப்புறமும் இதுவா? சாப்பாட்டு மேசையில விஷ்ணுப்ரியா போனைப் பாத்துக்கிட்டு இருந்தா. குபீர்னு சிரிச்சா. சிரிச்சவ அப்பாவை ஒரு பார்வை பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா.

சிவநேசனுக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ அடைச்சுச்சு. நோயில்ல, வேற.

"மூணாவது குரூப் ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டாரு. "நீயும் அதுல இருக்கியாம்மா?"

விஷ்ணுப்ரியா போனைக் கவுத்து வச்சா.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"ன்னு கேட்டா.