முப்பத்தெட்டு காப்பி

கண்ணாடி மேல் கவிழ்க்கப் போன நோட்டு தன் மகளுடையது என்பதை, ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கிய பிறகுதான் அவள் கவனித்தாள். அதையாவது கவனித்தாளே என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் பதினோரு வருஷமாக நின்று காப்பி போடுகிறவள் எதையும் வாசிப்பதில்லை. வாசித்தால் கை நின்றுவிடும். தாள் கோணலாக விழுகிறதா, ஓரம் வெட்டுப்படுகிறதா, மை மங்குகிறதா, அவ்வளவுதான் பார்வை. வீட்டுப் பத்திரமும் ஒன்றுதான், விவாகரத்துப் பத்திரமும் ஒன்றுதான். தெருவில் எத்தனையோ பேருடைய ரகசியம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. அதில் ஒன்றாவது வெளியே வருமா என்று எதிர்க்கடைத் தையல்காரம்மா வருஷக்கணக்காகக் கிண்டிப் பார்த்தாயிற்று, பெயரவில்லை. தெரு அதை நாணயம் என்று மெச்சிக்கொண்டது. உண்மை என்னவென்றால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

"முப்பத்தெட்டு செட் வேணும் ஆன்ட்டி. க்ளாஸ்ல எல்லாரும் கேக்குறாங்க" என்றாள் மூக்குக்கண்ணாடிக்காரி, மகளோடு பத்தாம் வகுப்பில் படிப்பவள். "மிஸ்ஸே சொல்லிட்டாங்க, நோட்ஸ்னா அச்சுவோட நோட்ஸ்தான்னு."

அச்சு என்பது மகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர். அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. தலைப்புக்குச் சிவப்பு, உள்தலைப்புக்குப் பச்சை, மற்றதெல்லாம் நீலம். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு வரி சாயாது. தாய்க்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மெதுவா புரட்டுடி, கசங்கிடப் போகுது" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வாசிக்காமல், ஒவ்வொரு பக்கமாகக் கவிழ்த்துக் காப்பி போட்டாள்.

இத்தனைக்கும் அரைப் பரீட்சையில் அச்சு ஆறில் ஐந்து பாடம் கோட்டைவிட்டிருந்தாள். தேறின ஒன்றும் ஓவியம். மாதிரிப் பரீட்சையிலும் இப்படியே ஆனால் பொதுத் தேர்வுக்கு அனுப்ப மாட்டோம், வீட்டிலிருந்து தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தனியாக எழுதப் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தெருவுக்குத் தெரியும். அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவளே அப்படிப் போனவள்தான். போன இடம்தான் இந்த மெஷின்.

அன்றைக்கே அவள் கச்சை கட்டிக்கொண்டாள். ஒரு டியூஷன் சென்டருக்கு லேமினேட் செய்து கொடுத்த அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்ததால், தப்பித்தவறி கண்ணில் பட்டுவிட்ட ஒரே வாசகம் அவளுக்கு வேதமாயிற்று: ஒரு முறை எழுதுவது பத்து முறை படிப்பதற்குச் சமம். மகளுடைய போன் கடை மேஜை டிராயருக்குள் போனது. மணிக்கணக்குப் போட்ட அட்டவணை, அதுவும் லேமினேட் செய்து, சுவரேறியது. விடியற்காலை நாலரைக்கு அந்த வீட்டு ஜன்னலில் விளக்கெரியும். பால்காரனே அதைப் பார்த்துத்தான் தன் சைக்கிளை எடுக்கிறான் என்று ஒரு பேச்சு. லாரி ஓட்டும் புருஷன் எந்த நெடுஞ்சாலையிலிருந்தோ போன் போட்டு "படிக்கிறாளா?" என்று கேட்டால், "எழுதிக்கிட்டே இருக்கா. விரல்ல காய்ப்பு காய்ச்சுப் போச்சு" என்று பதில் வரும். மகள் விரலில் காய்ப்புக் காய்த்தது அவளுக்குப் பதக்கம் வாங்கின மாதிரி. தையல்காரம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினாள் என்றால் பாருங்களேன்.

தையல்காரம்மா விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஏட்டுச் சுரைக்காயை எத்தனை அழகா வரைஞ்சாலும் குழம்பு வைக்க முடியுமாடி?" என்றாள்.

"உங்களுக்கு வயித்தெரிச்சல்க்கா."

"எனக்கென்ன எரிச்சல்? எம்புள்ளை நோட்டே வச்சிக்கிறதில்ல."

மாதிரிப் பரீட்சை முடிவு வந்த அன்று மூக்குக்கண்ணாடிக்காரி ஓடோடி வந்தாள். அறிவியலில் எண்பத்தொன்று. அவள் மட்டுமில்லை, கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கினவன்கூட ஐம்பதைத் தாண்டிவிட்டான். "எல்லாம் அச்சு நோட்ஸ்தான் ஆன்ட்டி!" என்றாள். அச்சுவுக்கு எவ்வளவு என்று கேட்டதும், அவளுக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு மிஸ் அச்சுவின் விடைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சின்ன வயசு மிஸ், திட்டத் தெரியாதவள். "நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பார்த்தாள். இடது ஓரத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. முதல் கேள்வி, எண் போட்டு, முழுசாக, முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தது. கேள்வி மட்டும். கீழே ஐந்து வரி இடம் விட்டு இரண்டாவது கேள்வி. அதற்கடுத்து மூன்றாவது. இருபத்திரண்டு கேள்விகளும் ஒரு எழுத்துப் பிசகாமல் தாளில் ஏறியிருந்தன. அங்கங்கே ஒரு வரி, அரை வரிப் பதில். கடைசியில் மிஸ் பரிதாபப்பட்டுப் போட்ட பதினேழு.

"இதயம் பாடம் ஒண்ணை மட்டும் நல்லாப் படிக்க வைங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குத் தனியா ஒரு டெஸ்ட் வைக்கிறேன். அதுல தேறிட்டா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் பேசிக்கிறேன். அதுவும் போச்சுன்னா என்னால ஒண்ணும் முடியாதும்மா. நோட்டை மூடி வச்சிட்டு எழுதச் சொல்லுங்க. பார்த்து எழுதவே கூடாது."

வீட்டுக்கு வந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மகளை எதிரில் உட்காரவைத்தாள். திட்டுவதென்று முடிவு செய்துதான் வந்தாள். வாய் வேறு எதையோ கேட்டது.

"இதயத்துக்கு எத்தனை அறைன்னு எங்க எழுதியிருக்க?"

"நாப்பத்தாறாம் பக்கம். இடது பக்கம். மேலேருந்து மூணாவது வரி" என்றாள் மகள், யோசிக்காமல்.

புரட்டினாள். நாற்பத்தாறு, இடது, மூன்றாவது வரி. சந்தோஷம் பொங்கி வந்தது. "அப்புறமென்ன! எத்தனை அறை?"

மகள் அவளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், லேமினேட் அட்டவணையைப் பார்த்தாள். "பச்சைல எழுதியிருப்பேன்மா" என்றாள்.

"எத்தனைடி?"

"எழுதும்போது இருக்கும்மா. மூடினா போயிடுது." குரல் இறங்கிவிட்டது. "நெஜமா, எனக்கே தெரியல. நான் நாலரை மணிக்கு எழுந்திரிச்சேன்தானே? தூங்கலதானே?"

தூங்கவில்லைதான். தாய்க்காரி கையை ஓங்கவில்லை. அவள் நினைப்பில் ஓடியது வேறு. இதே பக்கத்தை முப்பத்தெட்டு தடவை எடுத்தது அவள் கை. அதில் ஒரு வரி, ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். நாற்பத்தாறாம் பக்கத்தின் வலது ஓரத்தில் மை கொஞ்சம் மங்கலாக விழுந்தது, அதனால் மெஷினில் மையை ஒரு புள்ளி கூட்டி வைத்தோம் என்பது ஞாபகமிருந்தது. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் தலை என்று ஒன்று இல்லாமலே வேலை செய்யும் வித்தையைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல் காய்த்த அன்றைக்கு மட்டும் ஊரெல்லாம் காட்டியாயிற்று.

கடையிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத் தாள் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோட்டு பீரோவுக்குள் இருந்தது. மகள் வெள்ளைத் தாளுக்கு முன்னால் இருந்தாள். காலையில் ஓரக்கோடு போட்டாள். பத்து மணிக்கு இதயம் என்று எழுதி இரண்டு அடிக்கோடு இழுத்தாள். மத்தியானம் ஒரு படம் வரைந்தாள். அப்பழுக்கில்லாத படம். பெயர்கள் எழுத வேண்டிய இடத்துக்கு எட்டு அம்புக்குறிகள், ஸ்கேல் வைத்து இழுத்தவை, காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலம்வரை அந்த அம்புகளின் முனையில் ஒன்றும் வந்து உட்காரவில்லை.

"ஒரு தடவை பார்த்துக்கட்டுமாம்மா? ஒரே தடவை. பார்த்தா எழுதிடுவேன்."

"பார்த்தா யாருதான் எழுத மாட்டா" என்றாள் தாய். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

திங்கட்கிழமை மகள் மூன்று பேனாவும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போனாள். தேறின பிள்ளைகளுக்குப் படிப்பு விடுமுறை. பத்தேகாலுக்கு மூக்குக்கண்ணாடிக்காரி அதே நோட்டோடு கடைக்கு வந்து நின்றாள். காலையில் அச்சுவே வழியில் கொடுத்தாளாம். பக்கத்து வகுப்புக்கும் வேண்டுமாம், இன்னொரு முப்பத்தெட்டு. பின்னால் நாலு பேர் வரிசை. தையல்காரம்மாவும் ஏதோ ரசீதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்திருந்தாள், முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று.

அவள் நோட்டை விரித்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக வாசித்தாள். இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். வந்தது. மேல் அறைகள் இரண்டு, கீழ் அறைகள் இரண்டு. அதுவும் வந்தது. அடுத்த வரி, சுத்த இரத்தம் எந்தப் பக்கம் என்பது. வாசித்தாள், மூடினாள். இடது என்று வந்தது, வலது என்றும் வந்தது. மறுபடி பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. இந்நேரம் தாள் கொடுத்திருப்பார்கள். இந்நேரம் ஓரக்கோடு போட்டு முடித்திருப்பாள்.

"அக்கா, சீக்கிரம்" என்றான் வரிசையில் ஒருவன்.

கண்ணை எழுத்திலிருந்து எடுக்காமலே நோட்டைக் கண்ணாடி மேல் வைத்தாள். எழுத்து அவள் பக்கம் பார்த்து மல்லாந்து கிடந்தது. கை முப்பத்தெட்டு என்று அழுத்தியது. உதடு இடது, இடது என்று முணுமுணுத்தது.

"ஆன்ட்டி! ஆன்ட்டி, நோட்டு அட்டைதான் விழுது!"

மெஷினிலிருந்து சூடாக ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. தாள் முழுக்கக் கறுப்பு, ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக ஒரு சீட்டு, அதற்குள் முத்து முத்தாக மகளின் பெயர், வகுப்பு, பாடம். தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். கொண்டுவந்த ரசீதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தாய்க்காரியின் கைக்குத் தெரியும். கை அசையவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.