அட்டை போட்ட கிளாஸ்

…ஏறவில்லை, இன்னும் நீலம் ஏறவில்லை, சோதனைப் பட்டையின் இரண்டு வட்டங்களும் வெளுத்தபடியே கிடக்கின்றன, துளி காய்ந்தால்தான் தெரியும் என்று உறையில் போட்டிருக்கிறது, பானத்தில் மயக்க மருந்து கலந்திருந்தால் நீலமாகும், ஆகாவிட்டால் என் வேலை போகும்… ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், யெசேனியா, நாற்பத்தோரு வயது, பதினான்கு வருடமாக ஸ்டாக்டனில் இதே பாரில் ஊற்றிக் கொடுப்பவள், இன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் கிளாஸைத் திருடியவள். திருட்டுதான், வேறென்ன? கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்து அதன் மேலே வைத்துவிட்டு எழுந்துபோனால் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம், அதில் கை வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். அந்த வாடிக்கையாளர், டெலியா, அப்படித்தான் ஜின் டானிக்கின் மேல் அட்டையை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். ஞாயிறு மதியம், எல்லோர் கண்ணும் டிவியில், ஃபுட்பால் ஆட்டம். பக்கத்து ஸ்டூலில் கார்வின். அவன் அட்டையைத் தூக்கினான், கிளாஸுக்கு மேல் கையைக் கொண்டுபோனான், அட்டையைத் திரும்ப வைத்தான், நான் பார்த்தேன்… பார்த்தேனா? பாட்டில்களுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் பார்த்தேன், அதுவும் பாதி.

கார்வின் யார், முதலாளி க்ளிஃபின் மீன்பிடி கூட்டாளி, வருடக்கணக்காக அந்த மூலை ஸ்டூல் அவனுடையது, ஆட்டம் ஜெயித்தால் வேலைக்காரர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுக்கிற தர்மப்பிரபு. அவன்மேல் கை வைத்தால் க்ளிஃப் சும்மா விடுவாரா? இந்தப் பட்டைகளை பாரில் வைத்தே ஆகவேண்டும், அறிவிப்பு ஒட்டியே ஆகவேண்டும், கேட்டால் கிளாஸுக்கு மூடி கொடுத்தே ஆகவேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டபோது மனிதர் என்ன குதி குதித்தார், சட்டமாம் சட்டம், என் பார் என்ன கள்ளச்சாராயக் கடையா என்று. அறிவிப்பைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டினார், பட்டைகளை ஸ்ட்ரா டப்பாவுக்கு அடியில் செருகினார். காலண்டரைக் கழற்றி எறிந்தது நான். அதற்கே அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்… இதோ டெலியா திரும்பிவிட்டாள், குரல் கேட்கிறது, இங்கே இருந்த என் கிளாஸ் எங்கே என்று. கார்வின் சிரிக்கிறான், யெசிதான் தூக்கிக்கொண்டு போனாள், நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான். பத்திரமாக! அவளுக்குக் கோபம், இருக்காதா, காலையெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

"அட்டை வச்சுட்டுத்தானே போனேன்? அதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா?"

பார்த்தேன், பெண்ணே, அதைத்தான் பார்த்தேன், அந்த அட்டை எதையும் காக்காது, ஆள் இல்லை, வா என்று கூப்பிடுகிறது. நானும் அப்படி வைத்தேனே, பதினொரு வருடத்துக்கு முன்னால், இதே பார் பலகையில், வேலை நேரத்தில், வெறும் கோக், அதன்மேல் ஒரு அட்டை, சரக்கு எடுக்கப் பின்னறைக்குப் போய் வந்தேன், குடித்தேன்… அப்புறம் கண் விழித்தது என் காரின் பின்சீட்டில், சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. நான் அப்படிப் போடவில்லை. வேலையில குடிச்சா இப்படித்தான் என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார் க்ளிஃப். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னேன், ஒரே ஒருமுறை, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை, குடித்திருப்பேனோ, குடித்துவிட்டு மறந்திருப்பேனோ… க்ளிஃப் வருகிறார், என்ன யெசி, அந்தப் பெண்ணுக்கு வேறொன்று ஊற்றிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேள் என்கிறார். பட்டைமேல் குனிகிறேன். ஒரு வட்டத்தின் ஓரத்தில் ஏதோ… நிழலா? என் கண்ணா? இல்லை, நீலம், ஓரத்திலிருந்து நடுவுக்கு, நல்ல அழுத்தமான நீலம், அடியே யெசேனியா, நீ பார்த்தது பார்த்ததுதான்!

கிளாஸையும் பட்டையையும் கொண்டுவந்து பலகையில் வைத்தேன்.

"நீங்க காவல் காத்த கிளாஸ்தானே கார்வின், ஒரு வாய் நீங்களே குடிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."

டிவியை யாரோ அணைத்தார்கள். கார்வின் சிரித்தான், பட்டையைப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது, தட்டிவிடுகிற மாதிரி கையை நீட்டினான், அதற்குள் கிளாஸ் என் பக்கம் வந்துவிட்டது, மூடியை எடுத்து அழுத்தினேன், சட்டம் கொடுத்த மூடி, டப்பென்று உட்கார்ந்தது. டெலியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்வின் எழுந்தபோது வழிவிட ஆளில்லை, அவன் வாங்கிக் கொடுத்ததைக் குடித்தவர்களே கதவடியில் நின்றார்கள். நான் போலீசைக் கூப்பிட்டேன். என் குரல் அந்த பார் முழுக்கக் கேட்டது, எவ்வளவு நன்றாக இருந்தது, இத்தனை வருடம் இந்தத் தொண்டைக்குள் எங்கே கிடந்தது அது? போலீஸ்காரி மூடி போட்ட கிளாஸை உறையிலிட்டு, பட்டையையும் வாங்கிக்கொண்டு, சோதனைக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டும், ஆனால் நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள். டெலியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன், ஜெயித்தவள் அழக்கூடாதா என்ன?

கூட்டம் கலைந்தபின் க்ளிஃப் ஸ்ட்ரா டப்பாவை நகர்த்திப் பட்டைகளை வெளியே எடுத்து வைத்தார். நிமிரவில்லை.

"அன்னைக்கு நீ குடிக்கலைன்னு சொன்னே, இல்ல?"

"சொன்னேன்."

தலையாட்டினார். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்… பலகை, கோக், அட்டை, டிவியில் ஆட்டம், அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, முகம் ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த மூலை ஸ்டூல் என்றைக்காவது காலியாக இருந்திருக்கிறதா? அவன்தானா? வேறு எவனோவா? எனக்குத் தெரியாது, தெரியவே போவதில்லையோ என்னவோ… போலீஸ்காரி இன்னும் வாசலில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். துண்டைப் பலகையில் போட்டுவிட்டு வெளியே போனேன், வெயிலில் கண் கூசியது.

"இன்னொண்ணும் எழுதிக்கணும் நீங்க," என்றேன்.