குறுக்குப் பள்ளம்

கட்டட வேலைக் குத்தகைக்காரர் அழகப்பன் தர வேண்டிய பாக்கி பதினாறு வெள்ளி ஐம்பத்தாறு காசு. இந்தத் தொகைக்கு வந்து சேர மருதப்பனுக்கு ஒன்பது நாள் பிடித்தது. நடுவில் ஒரு தடவை மானமும் போனது.

ஐம்பத்தேழாம் வருடம். காலாங் வட்டாரத்தில், பக்கத்துக்கு இருநூறு அடி கொண்ட சதுரத் திடல். மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குழாய் பதிக்க மருதப்பனோடு நான்கு பேர் குறுக்கே பள்ளம் தோண்டினார்கள். அடிக்கு இருபது காசு கூலி. மண் மூடிய மறுநாளே திடல் முழுக்கச் செங்கல் குவிந்துவிட்டது. நாடா பிடித்து அளக்க வழியில்லை. "இருநூறு அடித் திடல், இருநூறு அடிக் கூலி" என்று அழகப்பன் நாற்பது வெள்ளியோடு முடித்துக்கொண்டார்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் மருதப்பன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போதுதான் வர்க்கமூலம் வந்திருந்தது. பக்கங்கள் இரண்டையும் தனித்தனியே தன்னோடு பெருக்கிக் கூட்டினால் எண்பதாயிரம். அதன் மூலம்தான் பள்ளத்தின் நீளம். புத்தகத்து அட்டவணையோ நூறோடு நின்றுபோனது. எண்ணை உடைத்தால்தான் உண்டு. கண் செருகச் செருக, பத்தாயிரம், நாலு, இரண்டு என்று உடைத்தான். பத்தாயிரத்துக்கு நூறை வெளியே எடுத்தான். நாலுக்கு நாலையே எடுத்துவிட்டான். உள்ளே மிஞ்சிய இரண்டுக்கு அட்டவணையில் 1.414. ஆக, ஐநூற்று அறுபத்தைந்து அடி, பாக்கி எழுபத்து மூன்று வெள்ளி.

அழகப்பன் எல்லார் முன்னாலும் சிரித்தார். "திடல ரெண்டு பக்கமா சுத்தி நடந்தாலே நானூறு அடிதான்யா. குறுக்க போனா ஐநூத்தி அறுபத்தஞ்சா? பாம்பு மாதிரி நெளிஞ்சா தோண்டுனீங்க?"

கூடத் தோண்டிய வேலாயுதமும் சிரித்தான். அழகப்பன் சிரிப்பை நிறுத்தினார். "இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு வந்துச்சு, வேற ஆள் வெச்சுக்குவேன்."

நாலின் மூலம் இரண்டுதான் என்பது, கல் சுமக்கும்போது நாலைந்து நாள் கழித்துத்தான் மருதப்பனுக்கு உறைத்தது. இருநூறை 1.414 ஆல் பெருக்கினான். இருநூற்று எண்பத்திரண்டு அடி, மேலே கொஞ்சம்.

"போவாத லா மருதா. இருக்குற வேலையும் போயிரும்" என்றான் வேலாயுதம். மருதப்பன் தனியாகத்தான் போனான்.

அழகப்பன் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். "போன வாரம் எழுபத்து மூணு வெள்ளி கேட்ட."

"அது தப்புங்க மொதலாளி. நாலுக்கு ரெண்டு எடுக்கணும். தூக்கத்துல நாலையே எடுத்துட்டேன்."

"தூக்கத்துலயே எழுபத்து மூணு கேக்குற ஆளு நீ." மறுபடி தாளைப் பார்த்தார். "ஏமாத்த வர்றவன் பதினஞ்சும்பான், இருபதும்பான். இந்த ஆறு காசு எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"அந்த ரெண்டோட மூலம் முழுசா வெளிய வராதுங்க. அதுலேருந்து வர்றது."

அழகப்பன் பணப்பையை எடுத்தார். சில்லறை போதாமல் பக்கத்துத் தேநீர்க் கடையில் மாற்றி வரச் சொன்னார்.

செங்கல் நிழலில் நான்கு பங்கு வைத்தார்கள். ஆளுக்கு நாலு வெள்ளி பதினாலு காசு. வேலாயுதம் மருதப்பன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான். நோட்டுகளை இடுப்பில் செருகி, மண்ணிலேயே சாய்ந்து, மீதியை எண்ணத் தொடங்கிய மருதப்பன் பாதியில் உறங்கிப்போனான். விரிந்த உள்ளங்கையில், வெயில் பட்டு, நாலு சதுரச் செப்புக் காசுகள்.