தடித்த எழுத்தில் ஒரு வரி

"மூடியைத் திறக்கச் சொல்லு பிள்ளை. ஆள் மாறி வந்திருக்கும்."

கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் நால்வர் சவப்பெட்டியை அப்போதுதான் முன்னறையில் இறக்கி வைத்திருந்தார்கள். செவன் கிங்ஸில் உள்ள அந்த வீட்டில் முன்னறைக்கு ஒரு சோபாவே நெருக்கடி. இன்று சோபாவைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டுவிட்டு பெட்டி, ஐயர், தேவாரப் புத்தகங்களோடு பெண்கள் என்று சுவரெல்லாம் ஆட்கள்.

"அது அப்பாதான் பெரியப்பா. நான் நேற்றும் போய்ப் பாத்தனான்," என்றாள் துஷ்யா.

"நீ எதைக் காட்டினாலும் நம்புவாய். இவங்கள் எத்தினை பேரை அடுக்கி வைச்சிருக்கிறாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

மூடி எப்படியும் திறக்கத்தான் இருந்தது. பட்டு வேட்டியோடு, ஏதோ பகிடியைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தியவன்போலக் கிடந்தான் பாலேந்திரா. தமையன் விஜயரத்தினம் முகத்தை நம்பவில்லை. பவுடர் பூசி எந்த முகத்தையும் எப்படியும் ஆக்கலாம். தம்பியின் இடக்கையைத் தூக்கிப் பெருவிரல் நகத்தைப் பார்த்தார். பாரிஸில் ஹோட்டல் குசினியில் இறைச்சி வெட்டும்போது பிளந்து, பிறகு இரண்டாகவே வளர்ந்த நகம். அதைத் தன் விரலால் தடவினார். பார்ப்பதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினார்.

"ஓம். இவன்தான்."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பாலேந்திராவின் மனைவி ஜெயகௌரிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "அவர் சொன்னவர் அண்ணை. நான் செத்தாலும் அண்ணை நகம் பாத்துத்தான் என்னைக் கையேற்பார் எண்டு."

ஐயர் கிரியையைத் தொடங்க, துஷ்யா பெரியப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தகப்பனின் கம்பியூட்டர் இருந்த அறை.

"அப்பா கடைசியா எழுதினதை எரிக்கிற இடத்து ஹோலில நீங்கள் வாசிக்கவேணும்."

பாலேந்திராவுக்கு இன்டர்நெட்டில் ஒரு புளொக் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் தவறாமல் எழுதுவான். டொரண்டோவிலும் சிட்னியிலும் ஆட்கள் அதை வாசித்து வயிறு நோகச் சிரிப்பார்கள். முக்கால்வாசிக் கதைகளில் 'அண்ணை' என்று ஒரு ஆள் வருவார். முட்டைப் பெட்டி வாங்கினால் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அண்ணை. பஸ் ஈஸ்ட் ஹாம் போகுமா என்று டிரைவரைக் கேட்டுவிட்டு, டிரைவர் சொன்னது மெய்தானா என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கும் அண்ணை.

"அந்தக் கிறுக்கலை நானேன் வாசிக்க? அதை நான் கண்ணாலயும் கண்டதில்லை."

"பொய் சொல்லாதேங்கோ பெரியப்பா."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் விஜயரத்தினம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இரண்டு வருசத்துக்கு முதல் பாலேந்திரா ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்கு வந்து, அவருடைய கம்பியூட்டரில் இரண்டு ரீடர்களைத் திறந்து காட்டினான். புளொக்குகளில் புதிதாக வருவதை எல்லாம் ரீடர் ஓரிடத்தில் கொண்டுவந்து தரும். வாசிக்காதது தடித்த எழுத்தில் நிற்கும், தொட்டால் மெலியும். "இது பழசு, அது புதுசு. எது வேணும் அண்ணை?" என்று கேட்டான். புதிய ரீடரின் கம்பனியே ஆட்களின் ஈமெயில் கடிதங்களையும் வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அண்ணை கையை விரித்தார். "கடிதமும் அவன்ர கையில, வாசிக்கிறதும் அவன்ர கையிலயோ? உனக்கு விசர். ரெண்டும் வேண்டாம், அழி."

தம்பி போனதும் அழிபடாமல் கிடந்த பழையதைத் திறந்தார். அன்றையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலைத் தேத்தண்ணியோடு அதற்கு முன்னால்தான். மனைவி சுசிலா கோயிலுக்குப் போனபிறகு, கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பார். பின்னேரம் தம்பிக்குப் போன் அடித்து, "என்னைப் பற்றி என்ன பொய் எழுதினனி? சனம் சொல்லுது," என்று ஏசுவார்.

"பழைய ரீடர்ல ஒவ்வொரு புளொக்கையும் எத்தினை பேர் எடுக்கினம் எண்டு காட்டும்," என்றாள் துஷ்யா. "முதல் நிறையப் பேர் இருந்தவை. புதுசு வந்தாப் பிறகு எல்லாரும் அங்க போயிட்டினம். இதில ஒராள்தான் மிச்சம். அப்பா எழுதிப் போட்டிட்டு முதல் அதைத்தான் பாப்பார். 'அந்த ஒண்டு நிக்குது பிள்ளை. அண்ணை போகேல்ல' எண்டு சொல்லுவார்."

விஜயரத்தினம் கதிரையில் இருந்தார். "என்னை எண்ணிக்கொண்டோ இருந்தவங்கள்?"

"ஓம்."

"புதுசுதான் கள்ளன் எண்டு நினைச்சன்."

துஷ்யாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கீழே கிரியையில் சுண்ணம் இடிக்கும் பாட்டுத் தொடங்கியது.

"கடைசியை நான் இன்னும் திறக்கேல்ல பிள்ளை," என்றார் கிழவர். "அண்டைக்குத் தேத்தண்ணியோட வந்து இருக்கத்தான் கொம்மா போன் அடிச்சு, அவன் போயிட்டான் எண்டவ. அது அப்பிடியே தடிப்பா நிக்குது. இனி அவன்ர ஒண்டும் வராது. இதைத் திறந்தா முடிஞ்சுது."

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது பெரியப்பா. அம்மாவும் பாக்கேல்ல. அதில என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேணுமெண்டா உங்களுக்குப் புதுசைப் போட்டுத் தாறன். பழையது அடிக்கடி படுத்திடும்."

"வாசிக்காததை வாசிக்காததாவே வைச்சிருக்குமோ அது?"

"ஓம். ஆனா ஒரு மாசம்தான். முப்பது நாள் போனா வாசிச்சதெண்டு தானே கழிச்சுவிடும்."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதுக்கு முதல் கழிச்சுவிட அவன் ஆர்?" கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு என்ர பழசு காணும். அதில கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கு. சரி போட்டுவிட்டா எந்தக் காலமும் புதுசாவே நிக்கும்."

"அப்ப திறந்து வாசிச்சிட்டும் சரி போடலாம்தானே?"

விஜயரத்தினம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே தோட்டத்துச் சோபாவில் யாரோ ஒருவர் வசதியாகச் சாய்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"பெரிய எழுத்தில அடிச்சுத் தா," என்றார்.

எரிக்கிற இடத்து ஹோலில் கிடைத்தது அரை மணித்தியாலம். அதில் பாதியைப் பழைய மாணவர் சங்கத் தலைவர் வாமதேவன் விழுங்கினார். 'ஈடு செய்ய முடியாத' என்ற சொல் மூன்றாம் தரம் வந்தபோது விஜயரத்தினம் எழும்பி மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். வாமதேவனுக்கு வேறு வழியிருக்கவில்லை.

கடதாசியை விரித்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"அண்ணையை விசா விசயமாகக் குரோய்டனுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி, 'உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்' என்றார். அண்ணை அசையவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம், 'முதல் அவற்ற அட்டையைக் காட்டச் சொல்லும்' என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு வேர்த்துவிட்டது. 'அண்ணை, அவர் அதிகாரி.' 'அதை அவர்தானே சொல்லுறார்?' என்றார் அண்ணை."

முதல் வரிசையில் ஒருவர் இருமினார். அது இருமல் அல்ல. பின்னாலிருந்தும் ஒரு சத்தம் வந்தது.

"அதிகாரி சிரித்துக்கொண்டு அட்டையைக் காட்டினார். அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நாட்டில் அன்று யார் யாருக்கு விசா கொடுக்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. அண்ணை இதை வாசிக்கமாட்டார். வாசித்தாலும் பொய் என்றுதான் சொல்லுவார்."

கடதாசி அத்தோடு முடிந்தது. விஜயரத்தினம் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வெறுமை. நிமிர்ந்தார்.

"பொய்," என்றார்.

ஹோல் குலுங்கியது.

"நிப்பாட்டுங்கோ. அவன் முழுக்கச் சொல்லேல்ல. அந்தாள் காட்டின அட்டையில படம் அவற்ற மாதிரியே இல்லை. அதில மீசை இருந்தது, ஆளுக்கு மீசை இல்லை. அதான் திருப்பித் திருப்பிப் பாத்தனான். நீங்களெண்டா பாக்கமாட்டியளோ?"

ஜெயகௌரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். துஷ்யா அவளைக் கட்டிப் பிடித்திருந்தாள். இருவரும் அழுகிறார்களோ சிரிக்கிறார்களோ என்று கேட்டால் சொல்ல ஏலாது. வாசலில் நின்ற கோட்டுக்காரர், அடுத்த செத்தவீட்டு ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்று சொல்ல வந்தவர், ஒன்றும் விளங்காமலே தானும் சிரித்துவிட்டு மணிக்கூட்டை மறந்து நின்றார்.

பின்னேரம் விஜயரத்தினம் மட்டும் ஃபாரஸ்ட் கேட்டுக்குத் திரும்பினார். சுசிலா செவன் கிங்ஸ் வீட்டில் பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். முழுகி, சாரம் மாற்றி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கம்பியூட்டரைப் போட்டார். பழைய ரீடர் முக்கி முனகித் திறந்தது. தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் தொகை: ஒன்று. கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி.

தொட்டார். வரி மெலிந்தது. ஆரம்பத்திலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். மீசை வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, தலையை ஆட்டி, "விடுபட்டுப் போச்சடா," என்றார்.

பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றி, குனிந்து, கீழேயிருந்த சின்னப் பெட்டியில் ஒரு சரி போட்டார். வரி மறுபடி தடித்தது.

அதை நம்பாமல் ஒருதரம் மூடித் திறந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.