மேற்குச் சுவர்

மேற்குச் சுவரைத் தடவினால் கையில் சிராய் ஏறும். வீடு கட்டியபோது வெளிப்பக்கம் முழுக்கப் பதித்த மரப்பலகைகள் தேன் நிறத்தில் பளபளத்தன. போன வருடம், அந்த நிறம் போய்விடக் கூடாதென்று, பஸ் டிரைவரான அவள் தானே ஆசையாக நிறமில்லாத வார்னிஷ் அடித்தாள். ஒரே கோடையில் அது பொருக்கு பொருக்காக உரிந்து, பலகை சாம்பல் பூத்துப் போனது.

"மரமா இது? யானைத் தோல் மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார். வீட்டின் மறுபாதி அவளுடையது. சுவர் இருவருக்கும் பொது. "பிடுங்கிட்டு பிளாஸ்டிக் பலகை போட்டுடலாம் அண்ணி. அடுத்த மாசம் வரச்சொல்லி ஆள்கிட்ட பேசிட்டேன்."

"வரட்டும். அதுக்குள்ள நான் சரி பண்ணலைன்னா, நானே கடப்பாரை எடுத்துக் குடுக்கறேன்."

"எது வேணும்னாலும் செய்யுங்க, என்னைப் பஞ்சாயத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க," என்று கணவர் கழன்றுகொண்டார்.

சுவரிலிருந்த கதவு எண் தகட்டைக் கழற்றியபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் மழைத்தண்ணீர் இறங்கிய தடம் இருந்தும், தகடு மறைத்திருந்த இடம் மட்டும் அதே தேன் நிறம். ஆக, மழையை விட வெயில்தான் முதல் எதிரி. கண்ணாடி போன்ற வார்னிஷ் வெயிலை எப்படித் தடுக்கும்? ஆசைப்பட்ட நிறத்தை மனசில்லாமல் கைவிட்டு, அடர் பழுப்புச் சாயம் கலந்த மர எண்ணெய் வாங்கிவந்தாள்.

டியூட்டி முடிந்து வந்ததும் சீருடையை மாற்றி ஏணியில் ஏறிவிடுவாள். பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, பலகை உள்ளுக்குள்ளும் காயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகுதான் எண்ணெய் பூசினாள்.

பூசி முடிக்கும் நேரத்தில் வானம் கறுத்தது. தார்ப்பாயை இழுத்து மூடப் பார்த்தாள். காற்று அவளையே இழுத்தது.

"அந்த முனையை விட்டுடாதீங்க அண்ணி!" நாத்தனார் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"பலகையே வேண்டாம்னியே?"

"வேண்டாம்தான். அதுக்காக இவ்வளவு பாடுபட்டது வீணாப் போறதைப் பாத்துட்டு இருக்க முடியுமா?"

மழை விட்டதும் பார்த்தால், கீழ் வரிசை முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அது காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மறுபடி பூசினாள். தண்ணீர் அதிகம் குடிப்பது பலகையின் வெட்டு முனைகள்தான் என்று அவள் சொல்லக் கேட்டதும், நாத்தனாரே ஒரு பிரஷ்ஷோடு குனிந்து அவற்றுக்குத் தடவிக்கொண்டே போனாள்.

ஆள் வந்தான். நாத்தனார் அவனை வாசலிலேயே நிறுத்தி, "இப்போதைக்கு வேண்டாம்பா," என்று அனுப்பிவிட்டாள்.

"கலர்தான் கொஞ்சம் இருட்டு அண்ணி," என்றாள் திரும்பிவந்து.

"இருட்டாத்தான் இருக்கும். ஆனா நிக்கும்."

நின்றது. அடுத்த கோடை முடிந்தபோது வெயில் நேராக அறையும் இடத்தில் மட்டும் லேசாக வெளிறியிருந்தது. இருவரும் சுவரைக் கழுவிக் காயவிட்டு, அங்கே இன்னொரு பூச்சு கொடுத்தார்கள்.