போன வருஷப் பட்டியல்

எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. லண்டனில் எங்கள் மந்திரிகள் எந்தெந்தச் சலுகையையோ வெட்ட, இங்கே லங்காஷரில் திட்டு வாங்கியது நாங்கள். அந்த நேரம் பார்த்து நகரசபைத் தேர்தல். பதினாறு வருஷமாகக் கவுன்சிலராக இருக்கும் பிரெண்டா எண்ட்விசில் எங்கள் வார்டில் மறுபடி நின்றார். அவருடைய தேர்தல் ஏஜெண்ட் நான், கீத்.

எங்கள் வேலைமுறை எளிது. தேர்தலுக்கு முன் வீடு வீடாகக் கதவைத் தட்டி, யார் நம் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வோம். ஓட்டுப்பதிவு நாளில் நமக்குப் போடுபவர்களின் வீடுகளை மட்டும் தட்டி, ஓட்டுச்சாவடிக்குக் கிளப்பிவிடுவோம். மற்ற வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம். சும்மா கிடப்பவனை எழுப்பி, நமக்கு எதிராக ஓட்டுப் போடச் சொல்ல யாருக்காவது பைத்தியமா பிடித்திருக்கிறது?

எனக்குத்தான் பிடித்திருந்தது. மார்ச் முழுக்க மழை. திறந்த கதவெல்லாம் திட்டு. மில் தெருவில் ஒரு பெண்மணி நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினாள். அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். மில் தெரு உட்பட மிச்சமிருந்த நானூறு வீடுகளுக்கும் போன வருஷம் ஆட்சி மாறியபோது எடுத்த குறிப்புகளையே வைத்து, தேதியை மட்டும் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டுப்பதிவு நாளில் பிரெண்டாவின் சமையலறைதான் எங்கள் அலுவலகம். சாவடி வாசலில் உட்கார்ந்திருந்த நம் ஆட்கள், ஓட்டுப் போட வந்தவர்களின் வாக்காளர் எண்ணைக் கேட்டு அனுப்ப, நான் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தேன். மதியத்துக்குள் மில் தெருவில் பாதிக்கு மேல் அடித்தாகிவிட்டது.

"பாத்தியா கீத்? மில் தெரு இப்படி வந்து நான் பாத்ததே இல்ல." பிரெண்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். "ஜனங்க நம்மள கைவிடல."

நான் சிரித்து வைத்தேன். அடுத்த எண்ணை அடித்தேன்.

மூன்று மணிக்கு, பட்டியலில் நம் பக்கம் என்றிருந்த மில் தெரு ஆல்ஃப் ஹிக்சனைச் சாவடிக்குக் காரில் கூட்டிப் போகப் போனேன். எண்பத்தொரு வயசு. டையெல்லாம் கட்டித் தயாராக இருந்தார்.

"முட்டி வலி தம்பி, போகவேணாம்னுதான் இருந்தேன்," என்றார், காரில் ஏறியதும். "காலைலேருந்து மூணு தடவை உங்க ஆளுங்க வந்து கூப்பிட்டாங்க. அப்புறமும் வீட்ல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"ரொம்ப நன்றிங்க."

"நன்றியெல்லாம் எதுக்கு? உங்களுக்குப் போடப் போறதில்லையே." கோபமே இல்லாமல் சொன்னார். "பிரெண்டா தங்கமான பொண்ணு. என் கூரை ஒழுகினப்ப அவதான் ஆளனுப்பிச்சா. ஆனா பெருசுங்க குளிர்காலத்துல வீட்டைச் சூடு பண்ண சர்க்கார் குடுத்த காசுல கை வச்சீங்க பாரு, அது லண்டன்காரனுக்கு ஒறைக்கணும். எங்க தெருவே அப்படித்தான். பாதிப் பேரு எவனுக்கும் போட வேணாம்னு உக்காந்திருந்தாங்க. உங்க ஆளுங்க விடலியே."

காரைத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டேன். கைத்தாங்கலாக அவரைச் சாவடிக்குள் கூட்டிப் போனேன்.

திரும்பி வந்தபோது பிரெண்டா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மில் தெருவில் மிச்சமிருப்பவர்களைத் தானே போய்க் கிளப்பப் போகிறாராம். ஓட்டுப்பதிவு ராத்திரி பத்து மணிக்குத்தான் முடியும்; இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இப்போது சொன்னால்கூடத் தடுத்துவிடலாம். சொன்னால், நான் செய்த பித்தலாட்டம் சமையலறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வெளியே வரும். வாயைத் திறந்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றோம். பிரெண்டா ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"உன்மேல ஒரு குறையும் இல்ல கீத். நம்ம ஆளுங்க அத்தனை பேரும் வந்தாங்க. அவங்க ஆளுங்க கொஞ்சம் அதிகமா வந்துட்டாங்க, அவ்வளவுதான்." கையை நீட்டினார். "பட்டியலைக் குடு. சாயங்காலம் மில் தெருவுக்குப் போய், ஒவ்வொரு வீடா நன்றி சொல்லிட்டு வரேன்."

பட்டியல் என் கோட்டுப் பைக்குள் இருந்தது. அதைக் கொடுத்தால் அந்த வாசல்களில் இவர் படப்போகும் அவமானம் என் கண்முன் வந்தது.

"போகாதீங்க பிரெண்டா."

"ஏன்?"

சொன்னேன். மழை, சாத்திய கதவு, மாற்றிய தேதி, ஆல்ஃப் காரில் சொன்னது, எல்லாவற்றையும். பக்கத்து மேசையில் காலி ஓட்டுப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவங்களை வீட்டைவிட்டுக் கெளப்பிவிட்டதே நாமதானா?" என்றார் பிரெண்டா.

"ஆமா."

"நேத்து நான் மட்டும் நாப்பது கதவு தட்டினேன், கீத்."