சென்னிமலையின் ரிவால்வரை அறுப்பதா வேண்டாமா

சூலூர் சென்னிமலையிடம் ரிவால்வர் இருப்பது ஈ எறும்புக்கும் தெரியும். தொண்ணூற்று மூன்றில் லைசென்ஸ் வாங்கிய கையோடு பேக்கரியில் நின்றுகொண்டு, "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று ஊர் முழுவதற்கும் தனித்தனியாகச் சொன்னவர் அவர். அது இதுவரை சுட்டது ஒரே ஒரு தேங்காயை. தேங்காய் தப்பித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்து எருமைதான் பயந்துபோய்ப் பொள்ளாச்சி வரை ஓடியதாகக் கேள்வி. இருந்தாலும் அது இடுப்பில் இருந்தால், தறிக்கொட்டகை முதலாளியான அவருக்கு நடையே தனி.

வினை ஒரு காதுகுத்து விருந்தில் வந்தது. எதிரே வந்த பெரியவருக்கு மரியாதையாக, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார் சென்னிமலை. ரிவால்வரின் பின்பக்கம் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருந்த சுத்தியல் வேட்டியைக் கவ்வ, இரண்டும் ஒன்றாகப் பெரியவர் காலடியில் போய் விழுந்தன. கொங்கு நாட்டில் அதற்குமுன் யாரும் யாருக்கும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

அவர் மனைவி மயிலாத்தாள் வீடு சேரும்வரை வாய் திறக்கவில்லை. சேர்ந்ததும் திறந்தாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா அந்தக் கருமம் சபையில தலையக் காட்டுச்சுன்னா, போலீஸ் டேசன்ல குடுத்துப்போட்டுத்தான் நான் ஊட்டுக்கு வருவேன், பாத்துக்கங்க."

மயிலாத்தாள் சொன்னால் செய்துவிடுவாள். ஆனால் அடுத்த வாரமே மகள் லோகப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். ரிவால்வர் இல்லாமல் சபையில் உட்கார்வதும் மீசை இல்லாமல் உட்கார்வதும் சென்னிமலைக்கு ஒன்றுதான். யோசித்ததில் ஒரே வழி தெரிந்தது. குழலைப் பாதியாக அறுத்து, சுத்தியலை மழித்து, இடுப்பில் இருப்பதே தெரியாதபடி குட்டையாக்கிவிட வேண்டும்.

லேத்தில் கொடுத்தால் யானையையே பூனையாகக் கடைந்து தருகிற ஊர் கோயமுத்தூர். அங்கே கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த தம்பிதுரை, ரிவால்வரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அறுத்துப்போடலாமுங்ண்ணா. ஆனா அறுத்தா அறுத்ததுதானுங்க, மறுக்கா ஒட்ட முடியாது. லைசென்ஸ் சோதிக்கறவங்க மீதி எங்கன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க? எலி தின்னுபோடுச்சும்பீங்களா?"

"அப்ப என்னதாம்ப்பா பண்றது?"

"மோட்டாரு வார்க்கறதுக்கு முன்னால மரத்துல பேட்டர்ன்னு ஒரு மாதிரி செஞ்சு பாக்கறமில்லீங்க? இதுக்கும் ஒண்ணு போட்டுத் தாரேன். ஒரு விசேசத்துக்கு இடுப்புல சொருகிப் பாருங்க. ஒத்துவந்தா அறுத்துக்கலாம்."

குட்டைக் குழலும் மழுங்கிய முதுகுமாக, கறுப்புப் பெயிண்ட் அடித்த மர ரிவால்வர் ஒன்று வந்து சேர்ந்தது. நிச்சயத்தன்று நிஜம் பீரோவுக்குள் போயிற்று. மரம் இடுப்பில் ஏறியது.

பெருந்துறையிலிருந்து சம்பந்தி கருப்பணன் வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். அவர் மர டிப்போ வைத்திருப்பவர். சென்னிமலை பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோருக்கும் வேட்டியை இறக்கிவிட்டார். எதுவும் மாட்டவில்லை, துருத்தவில்லை. இடுப்பில் ஒன்று இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அதுதான் தொல்லையாகப் போயிற்று. வழக்கமாக அவரைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போடுகிறவன், பாயச வாளியோடு அவரை இடித்துக்கொண்டு போனான். 'நகருங்க' என்றுகூடச் சொன்னான்!

கருப்பணனும் வந்ததிலிருந்து சம்பந்தியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, உங்க துப்பாக்கியப் பத்தித்தானுங்க எங்கூர்ல ஒரே பேச்சு. அதைப் பாக்கோணும்னே எங்காளுக வேன் டாப்புல ஏறி வந்திருக்கறாங்க. ஒண்ணையும் காணமுங்களே?"

சென்னிமலையின் கை மூளையைக் கேட்காமலே இடுப்புக்குப் போய், இருந்ததை எடுத்து நீட்டிவிட்டது.

கருப்பணன் வாங்கினார். எடை பார்த்தார். நகத்தால் கீறினார். மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருட வியாபாரமும் அந்த மூக்கில்தான் இருந்தது.

"தேக்குங்களா?"

வேர்வையில் இளகிய பெயிண்ட், சென்னிமலையின் வெள்ளை வேட்டியில் ஏற்கெனவே கறுப்பாக வழிந்திருந்தது. தட்டு மாற்றாமலே வேன் திரும்பப் போகிற சத்தம் அவர் காதில் இப்போதே கேட்டது.

மயிலாத்தாள் முன்னால் வந்தாள். "நல்ல காரியத்துக்கு ஆராச்சும் நெசத் துப்பாக்கியோட வருவாங்களாண்ணா? அது பீரோவுல கெடக்குது. சாவி இங்கிருக்குது" என்று இடுப்புச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள்.

கருப்பணன் சிரித்த சிரிப்பில் பந்தலே ஒரு முழம் எழும்பி இறங்கியது. "இந்த ஊட்டுல துப்பாக்கி ஆருகிட்ட இருக்குதுன்னு இப்பத்தாங்க தெரியுது! பொண்ணு ஆத்தாளாட்ட இருந்தாப் போதும், தட்டை மாத்துங்க!"

தட்டைவிட வேகமாக மர ரிவால்வர்தான் சபையில் கைமாறியது. பாயச வாளிக்காரன் வாளியை வைத்துவிட்டு, சென்னிமலைக்கு நாற்காலி கொண்டுவந்தான்.

மறுநாள் பட்டறையில் தம்பிதுரை இரும்பறுக்கும் ஆக்சா பிளேடோடு தயாராக நின்றார். "அறுத்தரலாமுங்களாண்ணா?"

"வேண்டாம்ப்பா. ஆருக்கும் தெரியாம வெச்சுக்கறதுக்கு அறுக்கோணுமா? பீரோவுல இருந்தாலும் தெரியாமத்தான இருக்குது."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

சென்னிமலை மரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுதான் ரொம்பக் குட்டையாப் போச்சு. குழலை ஒரு சாணு நீட்டிப்போடு. சுத்தியலும் வெச்சுரு. நல்லா வெளிய துருத்தோணும்."

"அம்மணி டேசன்ல குடுத்துப்போட்டா?"

"மரத்தை டேசன்ல வாங்குவாங்களா? அவ கோவத்துக்கு மிஞ்சிப்போனா அடுப்புல வெப்பா. வெச்சா வெக்கட்டும், நீ எதுக்கும் ரெண்டாச் செஞ்சுரு."